வெளிநாட்டு டூர் போக ஆசையா? உலகத்துல பார்க்க வேண்டிய 5 இடங்களும், அதுக்கான உண்மையான பணக் கணக்கும்!

"உலகத்துல கண்டிப்பா பார்க்க வேண்டிய இடங்கள்"னு தேடினா ஆயிரம் லிஸ்ட் வரும். போட்டோ எல்லாம் அருமையா இருக்கும். ஆனா அந்த இடத்துக்குப் போக என்ன செலவாகும், எங்கே பணம் தெரியாம கழண்டு போகும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்ங்கிற கணக்கை யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம வேலையே கணக்கு தானே! அதனால இன்னைக்கு 5 இடங்களை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு இடத்துலயும் பார்க்க என்ன இருக்கு, பணத்தைப் பத்தி அந்த இடம் நமக்கு என்ன சொல்லித் தருதுன்னு பார்க்கலாம்.

கணக்கு சுலபமா இருக்கணும்னு 1 டாலர் 90 ரூபாய், 1 யூரோ 100 ரூபாய்ன்னு தோராயமா வெச்சுக்கிறேன். கட்டணங்களும் விசா விதிகளும் அடிக்கடி மாறும். புக் பண்றதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டோட அரசு இணையதளத்துல ஒரு தடவை சரிபார்த்துடுங்க.

முதல்ல நான் பண்ணின தப்பு

கல்யாணம் ஆன புதுசுல தாய்லாந்து போனோம். கையில காசு இல்லை. பெர்சனல் லோன் போட்டேன். 1,50,000 ரூபாய், 14% வட்டி, 24 மாசம். மாசம் 7,200 ரூபாய் இ.எம்.ஐ. மொத்தம் கட்டினது சுமார் 1,72,800. பிராசஸிங் கட்டணம் 2%, அதுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து இன்னொரு 3,540. ஆக, ஆறு நாள் டூருக்கு 26,000 ரூபாய்க்கு மேல கூடுதலா கொடுத்தேன். வட்டி போனது கூட பரவாயில்லைங்க. போட்டோவைப் பார்த்து சந்தோஷப்பட்டது ரெண்டு வாரம், இ.எம்.ஐ. கட்டினது ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷமும் டூரைப் பத்திப் பேச்சு வந்தாலே வீட்டுல ஒரு சின்ன சண்டை வரும்.

அங்கே இன்னொரு தப்பும் பண்ணினேன். ஹோட்டல்ல 4,000 பாட் பில். கார்டு மெஷின்ல "பாட்ல கட்டறீங்களா, இந்திய ரூபாய்ல கட்டறீங்களா?"ன்னு கேட்டுச்சு. நம்ம ஊர் பணம் தானே, தெளிவா இருக்கும்னு ரூபாயை அழுத்திட்டேன். ரூமுக்கு வந்து கணக்கு போட்டுப் பார்த்தா கிட்டத்தட்ட 500 ரூபாய் கூட போயிருந்துச்சு. அந்த மெஷின் போடுற மாற்று விகிதம் எப்பவுமே நமக்கு நஷ்டம் தான். வெளிநாட்டுல கார்டு தேய்க்கும்போது அந்த ஊர் பணத்தைத் தான் தேர்ந்தெடுக்கணும். இதை மட்டும் மறக்காதீங்க.

சரி, இடங்களுக்குப் போகலாம்.

1. பூட்டான்: முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு

இமயமலைக்குள்ள இருக்கிற இந்த நாட்டுக்குப் போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் இல்லாதவங்க வாக்காளர் அட்டையை வெச்சே நுழைவு அனுமதி வாங்கலாம். அங்கே இருக்கிற நுல்ட்ரம் பணம் நம்ம ரூபாய்க்கு நேர் சமம். அதனால பணம் மாத்துற நஷ்டமே கிடையாது. யு.பி.ஐ. க்யூ.ஆர். முறையை 2021-லயே ஏத்துக்கிட்ட முதல் வெளிநாடும் இது தான்.

பார்க்க வேண்டியது பாரோ பள்ளத்தாக்குல இருக்கிற தக்த்சங் மடம். 'புலிக்கூடு'ன்னு சொல்வாங்க. கடல் மட்டத்துல இருந்து 3,000 மீட்டருக்கு மேல, செங்குத்துப் பாறையில ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும். 1692-ல கட்ட ஆரம்பிச்சது. கீழே இருந்து மேல வரை நடந்து தான் போகணும். பாதி தூரம் வரைக்கும் குதிரை கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய செலவு, 'நிலையான வளர்ச்சிக் கட்டணம்'. 2022 செப்டம்பர்ல இருந்து இந்தியர்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய். மத்த நாட்டுக்காரங்களுக்கு 100 டாலர். கணவன், மனைவி ரெண்டு பேர் 4 இரவு தங்கினா 9,600 ரூபாய் இதுக்கு மட்டுமே. பேக்கேஜ் விலை குறைச்சலா தெரிஞ்சா, "இந்தக் கட்டணம் உள்ளே சேர்ந்திருக்கா?"ன்னு முதல்ல கேளுங்க. பல பேக்கேஜ்ல அது தனியா வரும்.

பாடம்: விளம்பரத்துல போட்டிருக்கிற விலையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒரு நாளைக்குத் தங்கினா என்ன ஆகும்னு கணக்கு போடுங்க.

2. அங்கோர் வாட், கம்போடியா: எங்க அப்பாவோட ஆசை

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா பேசப் போறேன். ஏன்னா இந்தக் கட்டுரையே இதுக்காகத் தான்.

அங்கோர் வாட்டை 12-ம் நூற்றாண்டோட முதல் பாதியில இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணு கோயிலாக் கட்டினார். பிறகு அது பௌத்தத் தலமா மாறிச்சு. கம்போடியாவோட தேசியக் கொடியில இருக்கிறதும் இந்தக் கோயில் தான். சுத்துப் பிரகாரச் சுவர்ல பாற்கடல் கடையறது, குருக்ஷேத்திரப் போர், இலங்கைப் போர்னு நம்ம பாட்டி சொன்ன கதை எல்லாம் கல்லுல நீள நீளமா செதுக்கியிருக்காங்க. பாற்கடல் காட்சி மட்டுமே சுமார் 49 மீட்டர் நீளம். பக்கத்துலயே ஏழாம் ஜெயவர்மன் கட்டின பாயோன் இருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிய பெரிய கல் முகங்கள் சிரிச்சபடி பார்க்கும். மரத்தோட வேர் கோபுரத்தையே கட்டிப் பிடிச்சிருக்கிற தா ப்ரோம் கோயில்ல நம்ம இந்தியத் தொல்லியல் துறை பல வருஷமா சீரமைப்பு வேலை பார்த்திருக்கு.

இப்போ கணக்கு. நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. 12 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகளுக்கு இலவசம். ரெண்டு நாள் பார்க்கணும்னா ரெண்டு ஒரு நாள் சீட்டு வாங்காதீங்க. அது 74 டாலர். மூணு நாள் சீட்டு 62 தான், அதாவது சுமார் 5,580 ரூபாய். அந்த மூணு நாளும் தொடர்ச்சியா இருக்கணும்னு இல்லை, பத்து நாளைக்குள்ள எப்போ வேணாலும் பயன்படுத்தலாம். ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வுன்னு போறதுக்குப் பெரியவங்களுக்கு ரொம்ப வசதி.

கடைத்தெருவுல டாலரே ஓடும். ஆனா லேசா கிழிஞ்சிருந்தாலும் வாங்க மாட்டாங்க. அதனால ஊர்லயே நல்ல நோட்டா, சின்ன நோட்டா கேட்டு வாங்கிக்கோங்க. சியெம் ரீப் ஊருக்குப் புது விமான நிலையம் 2023 அக்டோபர்ல வந்துச்சு. அது ஊரை விட்டு 40 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, அதனால வண்டிச் செலவையும் சேர்த்துக்கணும். முன்னாடி எல்லாம் பாங்காக் வரைக்கும் மலிவு விமானத்துல போய், அங்கே இருந்து பஸ் பிடிக்கிறது ஒரு மிச்ச வழியா இருந்துச்சு. 2025-ல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல சண்டை வந்து தரைவழி எல்லையை மூடினாங்க. அதனால இந்த வழியை நம்பித் திட்டம் போடாதீங்க, இப்போதைய நிலைமையை விசாரிச்சுக்கோங்க.

எங்க அப்பா அரசுப் பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்தவர். எந்தக் காலத்துலயோ ஒரு பத்திரிகையில அங்கோர் வாட் படத்தைப் பார்த்துட்டு, அதைக் கத்தரிச்சு பீரோ கதவுக்கு உள்ளே ஒட்டி வெச்சிருந்தார். என்கிட்டே கேட்டதே இல்லை. அம்மா தான் சொல்வாங்க, "அப்பாவுக்கு அந்தக் கோயிலைப் பார்க்கணும்னு ஆசைடா".

தாய்லாந்து லோன் முடிஞ்சதும் போகலாம்னேன். முடிஞ்சதும் ஹோம் லோன் வந்துச்சு. அடுத்து குழந்தை. "அடுத்த வருஷம்ப்பா, அடுத்த வருஷம்ப்பா"ன்னு ஆறு வருஷம் ஓடிடுச்சு. கடைசியில தனியா ஒரு ஆர்.டி. போட்டு, காசு சேர்த்து, ஒரு ரூபாய் கடன் இல்லாம நாலு பேரும் போனோம். ஆனா அதுக்குள்ள அப்பாவோட முழங்கால் போயிடுச்சு.

அங்கோர் வாட்டோட உச்சி அடுக்குக்குப் போற படிகள் ரொம்பச் செங்குத்து. அப்பா கீழே நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, "நீ போயிட்டு வாடா, நான் இங்கேயே உட்கார்ந்துக்கிறேன்"னார். நான் மேல போயிட்டு வந்து போனைக் காட்டினேன். ஒவ்வொரு போட்டோவா விரலால பெருசு பண்ணிப் பார்த்தார். "நல்லா இருக்கு"ன்னார். அவ்வளவு தான். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா அவரே ஏறியிருப்பார். அப்போ நான் கட்டிக்கிட்டிருந்த ஹோம் லோன் இன்னும் ஓடிக்கிட்டு தான் இருக்கு. அது முடியட்டும்னு காத்திருந்தா இன்னைக்கும் போயிருக்க மாட்டோம்.

பாடம்: கடன் வாங்கிப் போறதுக்கு ஒரு விலை இருக்கு, அது வட்டி. தள்ளிப் போடறதுக்கும் ஒரு விலை இருக்கு, அது எந்த ஸ்டேட்மென்ட்லயும் வராது. ரெண்டையும் தவிர்க்கிற வழி ஒண்ணு தான்: தேதி போட்டுச் சேமிக்கிறது. அதைக் கீழே விளக்கமா சொல்றேன்.

3. கோலாலம்பூர், பத்து மலை: காசில்லாம பார்க்கிறது நிறைய

பத்து மலை முருகன் கோயில் நம்மள்ல பல பேருக்குத் தெரியும். 2006-ல திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, 272 படிகள், மேல குகைக்குள்ள கோயில். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கோலாலம்பூர் சென்ட்ரல்ல இருந்து நேரா ரயிலே இருக்கு, டாக்ஸிக்குக் கொடுக்கிறதுல சின்னப் பங்கு தான் ஆகும். 452 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துல மேல ஏறத் தான் டிக்கெட். ராத்திரி விளக்கோட கீழே பூங்காவுல இருந்து பார்க்கிறது இலவசம்.

வெளிநாட்டுக்காரங்க தங்கற ரூமுக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஆன்லைன்ல ரூம் காசு கட்டியிருந்தாலும் பல ஹோட்டல்ல இதைக் கவுண்டர்ல தனியா கேட்பாங்க. தைப்பூச சமயத்துல போறது தனி அனுபவம் தான், ஆனா ரூம் முன்கூட்டியே போட்டுடுங்க.

பாடம்: டிக்கெட் விலை அதிகமா இருந்தா அனுபவம் பெருசுன்னு அர்த்தம் இல்லை.

4. பெட்ரா, ஜோர்டான்: கணக்கு தெரிஞ்சவங்களுக்கு லாபம்

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நபட்டியர்கள் பாறையைக் குடைஞ்சு கட்டின நகரம். சிக் எனப்படற ஒடுக்கமான மலைப் பிளவுக்குள்ள சுமார் 1.2 கிலோமீட்டர் நடக்கணும். ரெண்டு பக்கமும் உசரமா பாறைச் சுவர். திடீர்னு இடுக்கு வழியா 'கருவூலம்'னு சொல்ற அந்த ரோஜா நிற முகப்பு தெரியும். இன்னும் மேல 800 படிகள் போல ஏறினா 'மடாலம்'.

இங்கே ஒரு நாள் டிக்கெட் 50 தினார். ஒரு தினார் சுமார் 1.41 டாலர், நம்ம கணக்குல 127 ரூபாய். அதாவது ஒரு டிக்கெட்டே 6,350 ரூபாய்! ஜோர்டான்ல ராத்திரி தங்காம எட்டிப் பார்த்துட்டுப் போறவங்களுக்கு 90 தினார். விசா தனியா 40 தினார்.

ஆனா 'ஜோர்டான் பாஸ்'னு ஒண்ணு இருக்கு. ஆரம்ப விலை 70 தினார். நாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கணும், குறைஞ்சது மூணு இரவு தங்கணும். அப்படின்னா விசா கட்டணம் தள்ளுபடி, பெட்ரா ஒரு நாள் உள்ளே, ஜெராஷ் மாதிரி இன்னும் பல இடங்களும் உள்ளே. தனித்தனியா வாங்கினா 40 + 50 = 90 தினார். பாஸ்ல 70. ஒரு ஆளுக்கு 20 தினார், சுமார் 2,500 ரூபாய் மிச்சம். மத்த இடங்களோட நுழைவுக் கட்டணம் வேற மிச்சம்.

பாடம்: எந்த நாட்டுக்குப் போனாலும், கூட்டுப் பாஸ் இருக்கான்னு முதல்ல தேடுங்க. அதே சமயம், நீங்க போகாத இடத்துக்கும் சேர்த்துக் காசு கட்டுறீங்களான்னு பாருங்க.

5. பாரிஸ்: விசாவே ஒரு செலவு

1889-ல கட்டி முடிச்ச ஈஃபிள் கோபுரம் இப்போ 330 மீட்டர் உசரம். ரெண்டாவது தளம் வரைக்கும் 674 படிகள் ஏறிப் போனா லிஃப்ட் டிக்கெட்டை விட மலிவு. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. இது தெரியாம அன்னைக்குத் திட்டம் போட்டு ஏமாந்தவங்க நிறைய. ஐரோப்பியர் அல்லாதவங்களுக்கு 2026 ஜனவரியில இருந்து டிக்கெட்டை 22 யூரோவுல இருந்து 32 யூரோவா ஏத்திட்டாங்க. 18 வயசுக்குக் கீழே இலவசம்.

உண்மையான செலவு போறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயசு வரை 45, ஆறு வயசுக்குக் கீழே இலவசம். கணவன், மனைவி, எட்டு வயசுக் குழந்தைன்னா 225 யூரோ, அதாவது 22,500 ரூபாய். விசா மையத்தோட சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா நிராகரிச்சா கட்டின கட்டணம் திரும்பி வராது.

பாடம்: விசா கைக்கு வர்ற வரைக்கும், ரத்து பண்ணினா பணம் திரும்பக் கிடைக்கிற புக்கிங் மட்டும் போடுங்க. ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அதனால கோடை லீவு நெருக்கடி வரைக்கும் காத்திருக்காதீங்க.

எல்லாப் பயணத்துக்கும் பொதுவான நாலு செலவுகள்

பாஸ்போர்ட்: பெரியவங்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், தட்கல்னா கூடுதலா 2,000. அவசரத்துக்காகக் கொடுக்கிற அந்த 2,000 சுத்தமா வீண் செலவு. பல நாடுகள் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாசமாவது ஆயுள் இருக்கணும்னு எதிர்பார்க்கும். இன்னைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்க.

கார்டு மார்க்கப்: நிறைய கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% கூடுதல், அதுக்கு 18% ஜி.எஸ்.டி. ஒரு லட்சம் செலவு பண்ணினா 3,500 + 630 = 4,130 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டுகளும் இருக்கு. கிளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே விசாரிச்சு வாங்கிடுங்க.

டி.சி.எஸ்.: வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா, ஏஜென்சி வரியை முன்கூட்டியே பிடிக்கும். 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%ன்னு இருந்துச்சு. 2026 பட்ஜெட்ல இதை 2%ன்னு குறைச்சு அறிவிச்சாங்க. 3 லட்சம் பேக்கேஜுக்கு 5%ன்னா 15,000, 2%ன்னா 6,000. விகிதம் மாறிக்கிட்டே இருக்கறதால புக் பண்ற அன்னைக்கு என்னன்னு கேளுங்க. முக்கியமா, இது போன பணம் இல்லை. உங்க பான் எண்ல வரவு ஆகும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், இல்லைன்னா ரீஃபண்டா வாங்கலாம். அப்பா அம்மாவுக்கு வரி கட்டற அளவு வருமானம் இல்லை, அவங்க பான்ல பிடிச்சிருக்காங்கன்னா, அவங்க பேர்ல கணக்குத் தாக்கல் பண்ணினா தான் திரும்ப வரும். நிறைய பேர் இதை அப்படியே விட்டுடறாங்க!

பயணக் காப்பீடு: பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா இதுல கஞ்சத்தனம் வேண்டாம். சுகர், பி.பி. இருந்தா மறைக்காம எழுதுங்க. மறைச்சா க்ளெய்ம் வரும்போது அதையே காரணம் காட்டுவாங்க.

சரி, பணத்தை எப்படிச் சேர்க்கிறது?

அதே 1,50,000 ரூபாயை எடுத்துக்கலாம். 6.5% வட்டியில ஆர்.டி. போட்டா, 24 மாசத்துல அந்தத் தொகை வர மாசம் சுமார் 5,850 ரூபாய் போதும். நான் கட்டின இ.எம்.ஐ. 7,200. மாசம் 1,350 ரூபாய் வித்தியாசம், அதே டூர். ஒண்ணுல போயிட்டு வந்து கட்டறோம், இன்னொண்ணுல கட்டிட்டுப் போறோம்.

முதல்ல ஆறு மாசச் செலவுக்கு அவசர கால நிதி இருக்கணும். அது இல்லாம டூர் வேண்டாம். குழந்தை படிப்புக்கும் ஓய்வு காலத்துக்கும் போற எஸ்.ஐ.பி.யில கை வைக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணத்தைப் பங்குச் சந்தையில போடாதீங்க. டூர் தேதியில சந்தை விழுந்திருந்தா டூரும் போச்சு. ஆர்.டி.க்கு ஊரோட பேரையே வைங்க. என்னோடது 'அங்கோர்'. பேர் இருந்தா உடைக்க மனசு வராது.

கடைசியா ஒண்ணு. எந்த இடத்துக்கு முதல்ல போகணும்னு யோசிக்கும்போது மலிவானது எதுன்னு மட்டும் பார்க்காதீங்க. யாரோட கால் முதல்ல ஓயும்னு பாருங்க. பாரிஸ் பத்து வருஷம் கழிச்சும் உங்களுக்காக இருக்கும். வீட்டுல இருக்கிற பெரியவங்களால அன்னைக்குப் படி ஏற முடியுமான்னு தெரியாது. இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவங்ககிட்டே ஒரு கேள்வி கேளுங்க: "உங்களுக்கு எந்த ஊரைப் பார்க்கணும்னு ஆசை?" பதில் ராமேஸ்வரமா கூட இருக்கலாம். அதுக்கும் ஒரு ஆர்.டி. போடலாம், தப்பே இல்லை.

அடுத்த வீடியோவுல மார்க்கப் இல்லாத கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போறோம். உங்க வீட்டுப் பெரியவங்க என்ன ஊர் பேர் சொன்னாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. எவ்வளவு செலவாகும்னு சேர்ந்தே கணக்கு போடலாம்.